மோதிப் பார்ப்போமா என்று கேட்கும் உரிமை: தமிழில் இணைய விளையாட்டு உருவாக்கும் திருகோணமலை இளையோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் இருந்துகொண்டு தமிழில், ஆடுபவர் ஒரு கதைப்பாத்திரமாகி விளையாடும் இணையவழிப் பாத்திர விளையாட்டு ஒன்றை உருவாக்கிவரும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம்.

பரீட்சார்த்தப் பதிப்பை விளையாடிவரும் எங்கள் அனைவருக்கும் சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய அறிவித்தலை இரண்டு தடவைகள் வாசித்தேன். விளையாடுபவர்கள் ஒருவரையொருவர் தாக்குவதற்கான எந்த வசதியும் இனி இருக்காது என்றும், முன்னர் திட்டமிட்டிருந்த டுவல் முறையும், அதாவது இருவர் சம்மதித்து மோதும் முறையும், அதனோடு சேர்த்துக் கைவிடப்படுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் போதுமான அளவு சண்டையைக் கண்டுவிட்டார்கள், அவர்களுக்காகச் செய்யும் விளையாட்டில் இன்னொரு மனிதர்மீது கையோங்க வைக்க எங்களுக்கு மனமில்லை என்று அதற்குக் காரணமும் சொல்லியிருந்தீர்கள்.

அந்த வரியை எழுதிய மனத்தை நான் மதிக்கிறேன். உவர்மலையில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பது என் தொழில். நீங்கள் எதை மனதில் வைத்து எழுதினீர்கள் என்பது, 2009க்கு முன்னர் இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் போல எனக்கும் விளக்கமில்லாமலே விளங்குகிறது. ஆயினும் அந்த நல்லெண்ணத்திலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவு தவறானது என்று உறுதியாக நம்புவதாலேயே இதை எழுதுகிறேன். பதுங்கியிருந்து தாக்குவதையும் தாக்கிப் பறிப்பதையும் உங்கள் விளையாட்டுக்குள் ஒருபோதும் விடாதீர்கள். அதில் நான் முழுமையாக உங்கள் பக்கம். ஒருவர் கேட்டு, மற்றவர் சம்மதித்து, எல்லை குறித்துக்கொண்டு மோதிப்பார்க்கும் டுவலை மட்டும் அதனோடு சேர்த்து அள்ளி எறிந்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் வெளிநாடுகளிலும் இருந்து இந்தப் பதிப்பை விளையாடுகின்ற மற்றவர்களும் வாசித்துத் தம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

பதுங்கித் தாக்குதல் எப்படிப்பட்டது என்பதை நான் பட்டே அறிந்தவன். வீட்டுக்கு முதன்முதலாக இணைய இணைப்பு வந்த காலத்தில், ரொரன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன் சந்தா கட்டித் தர, வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற இணையவழிப் பாத்திர விளையாட்டை விளையாடத் தொடங்கினேன். அதில் ஸ்ட்ராங்கிள்தோர்ன் என்றொரு காடு இருக்கிறது. விளையாட்டில் எதிரெதிராக நிற்கும் இரு தரப்பாரும் ஒரே நேரத்தில் வந்துபோகும் இடம் என்பதால், வீரர் மோதலுக்கென ஒதுக்கிய சேவர்களில் (விளையாட்டை இயக்கும் கணினிகளில்) அது பெயர்கெட்ட காடு. அங்கே ஒரு மாலையில், என்னைவிட இருபது லெவலுக்கு மேல் உயர்ந்த ஒருவர் என்னைக் கொன்றுவிட்டு, என் உடல் கிடந்த இடத்திலேயே மறைந்து நின்று, நான் உயிர்பெற்று எழுந்த ஒவ்வொரு தடவையும் மீண்டும் கொன்றார். ஆறு தடவைகள். அவருக்கு அதனால் கிடைத்தது எதுவுமில்லை. எனக்கு அந்தப் பொழுது முழுவதும் போனது. அன்று கணினியை அணைத்துவிட்டு எழுந்தபோது என் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை உங்கள் விளையாட்டில் எந்தப் பிள்ளையும் உணரக்கூடாது என்று நீங்கள் நினைப்பது முற்றிலும் சரி.

ஆனால் அதே விளையாட்டில், அதே கிழமையில், முன்பின் அறியாத ஒருவரோடு நகர வாசலில் டுவல் ஆடித் தோற்றுவிட்டு, எதனால் தோற்றேன் என்று அவரிடமே அரைமணி நேரம் கேட்டு அறிந்துகொண்டு, மகிழ்ச்சியோடு நித்திரைக்குப் போயிருக்கிறேன். இரண்டிலும் என் பாத்திரம் அடிவாங்கியது. இரண்டிலும் திரையில் தெரிந்த வாளும் தீயும் ஒன்றுதான். ஒன்றில் என்னிடம் எவரும் கேட்கவில்லை, மற்றதில் கேட்டார்கள் என்பதைத் தவிர வேறுபாடு எதையும் நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அந்த ஒரு வேறுபாடு போதுமானது.

இந்த வேறுபாட்டைத் தமிழுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பழைய பொருளிலக்கணம் புறத்திணைகளை வகுத்தபோது, அயல்நாட்டு ஆநிரையைக் களவிலே கவர்ந்துவருவதை வெட்சி என்று ஒரு திணையாகவும், இரு வேந்தர் நேர்நின்று பொருவதைத் தும்பை என்று வேறொரு திணையாகவும் பிரித்து வைத்தது. தும்பைக்கு அது சொல்லும் பொருளை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்: மண்ணையோ மாட்டையோ சொல்லாமல் மைந்தை, அதாவது வலிமையையே, பொருளாகச் சொல்கிறது. வேந்தரின் தும்பையில் உண்மையாகவே உயிர் போனது என்பதால் இந்த ஒப்புமையை நான் அளவுக்குமேல் இழுக்க விரும்பவில்லை. எனினும் களவாகத் தாக்குவதும் நேர்நின்று பொருவதும் வெவ்வேறு பெயர்கொண்ட வெவ்வேறு செயல்கள் என்று நம் மொழி நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுவைத்திருக்கிறது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இன்னும் அருகில் வருவதானால் போர்த்தேங்காயை நினைத்துப் பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் எங்கள் பாட்டனார் தேங்காய்க் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்துத் தடித்த சிரட்டைக் காயாகத் தெரிவுசெய்வார். ஒருவர் தன் காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன் காயால் ஓங்கி அடிப்பார். உடையாவிட்டால் முறை மாறும். எவருடையது உடைந்ததோ அவர் தோற்றார். சுற்றி நின்ற கூட்டம் கூச்சலிடும், உடைந்த காய் அன்றைய சம்பலுக்குப் போகும். அடுத்த வளவுக்காரரோடு எல்லை வேலிக்காக வருடம் முழுவதும் முகங்கொடுத்துக் கதைக்காத பாட்டனார், அந்த ஒரு நாளில் அவருடைய காய்க்கு நேரே தன் காயை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்ணகி அம்மன் வழிபாட்டோடு கிழக்கிலே நடந்துவந்த கொம்புமுறி விளையாட்டும் இப்படிப்பட்டதுதான். ஊரே வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, கொம்பைக் கொம்பில் கொளுவி இழுத்து, ஒன்று முறியும்வரை விடாது நிற்கும். பகையை வளர்ப்பதற்காக எவரும் அதை நடத்தவில்லை. ஊர் நோயின்றி வாழவும் மழை பெய்யவும் வேண்டியே நடத்தினார்கள். இத்தகைய வழக்கங்களைக் கொண்ட ஒரு மண்ணில் இருந்து எழும் விளையாட்டில் மோதிப்பார்த்தலுக்கு இடமில்லை என்பது எனக்குப் பொருந்தாததாகப் படுகிறது.

இணைய விளையாட்டுகளின் வரலாறும் இதே பாடத்தைக் கடினமான வழியில் கற்றது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோவோடு சேர்ந்து பலர் சேர்ந்து ஆடும் முதலாவது எழுத்துவழி விளையாட்டு உலகை உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் எழுதிய கட்டுரையில், இவ்வுலகங்களுக்கு வருவோரை நான்கு வகையினராகப் பிரித்தார்: சாதிக்க வருவோர், சுற்றிப்பார்க்க வருவோர், பழக வருவோர், பிறரை அடக்க வருவோர். ஒரு வகையினர் பெருகும்போது மற்றொரு வகையினர் குறைவார்கள் என்பதும், குறிப்பாகப் பிறரை அடக்க வருவோர் மிகுந்தால் பழக வருவோர் விலகிப்போவார்கள் என்பதும் அவர் சொன்னவை. 1997இல் வெளிவந்த அல்ரிமா ஒன்லைன் என்ற விளையாட்டு அதற்குச் சான்றாயிற்று. நகரக் காவலரின் கண்ணுக்கு அப்பால் எவரும் எவரையும் கொல்லலாம், கொல்லப்பட்டவரின் பொருளை அள்ளிக்கொள்ளலாம் என்ற நிலையில் புதியவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமற் போனது. கொலையாளிகளின் பெயரைச் சிவப்பு நிறத்தில் காட்டிப் பார்த்தார்கள், போதவில்லை. இறுதியில் 2000ஆம் ஆண்டில் உலகையே இரண்டாக்கி, ஒன்றில் பழைய விதியையும் மற்றதில் சம்மதமின்றித் தாக்க முடியாத விதியையும் வைத்தார்கள். மக்கள் பெரும்பாலும் இரண்டாவதிலேயே குடியேறினார்கள்.

இந்த வரலாற்றை வாசிப்பவர்கள் பலரும் எடுத்துக்கொள்ளும் முடிவு, உங்களுடையதைப் போல, மோதலே வேண்டாம் என்பதாக இருக்கிறது. நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். மக்கள் ஓடிப்போனது மோதலைக் கண்டல்ல, கேட்காமல் வந்த மோதலைக் கண்டு. ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் 2006 ஜூன் மாதம் நடந்ததை அதன் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மோதலுக்கு இடமேயில்லாத ஃபலடோர் நகரில், ஒரு நிரல் வழுவின் காரணமாகச் சிலருக்கு மட்டும் தாக்கும் ஆற்றல் கிடைத்துவிட, அவர்களில் ஒருவர் தெருவில் நின்றவர்களைக் கொல்லத் தொடங்கினார். தாக்கப்பட்டவர்களுக்கோ திருப்பித் தாக்கும் வழியே இருக்கவில்லை. அதே விளையாட்டின் ஆபத்தான காட்டுவெளியில் நாள்தோறும் அதைவிடப் பலர் இறந்தார்கள், அவற்றை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. காட்டுவெளிக்குள் கால்வைத்தவர் என்ன நடக்கலாம் என்று தெரிந்து போனவர். ஃபலடோர் தெருவில் நின்றவர் அப்படிப்பட்டவரல்லர்.

இனி டுவல் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சற்று நுணுக்கமாகப் பார்க்கும்படி கேட்கிறேன், ஏனெனில் அதன் அமைப்பிலேயே நீங்கள் தேடும் பாதுகாப்பு இருக்கிறது. 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்டில் ஒருவர் மற்றவருக்கு அழைப்பு விடுக்க வேண்டும். இருவருக்கும் நடுவே நிலத்தில் ஒரு கொடி ஊன்றப்படும். அழைக்கப்பட்டவர் ஏற்றுக்கொண்டால் மாத்திரமே மூன்றிலிருந்து கீழ்நோக்கி எண்ணப்பட்டு ஆட்டம் தொடங்கும். கொடியிலிருந்து மிகத் தூரம் போனால் எச்சரிக்கை வரும். திரும்பாவிட்டால் விலகியதாகக் கொள்ளப்படும். தோற்பவரின் உயிர்ப்புள்ளி ஒன்றில் வந்து நின்றுவிடும், அவர் இறப்பதில்லை. வென்றவருக்கு அனுபவப் புள்ளியும் இல்லை, பொருளும் இல்லை. பெருநகரங்களுக்குள்ளே இதைச் செய்ய முடியாது என்பதால் அயர்ன்போர்ஜ், ஓர்க்ரிமார் ஆகிய நகரங்களின் வாசல்களில் ஆட்டக்காரர்கள் தாமாகக் கூடத் தொடங்கினார்கள். எவரும் திட்டமிடாமலே அந்த வாசல்கள் முற்றங்களாயின. புதியவர் கேள்வி கேட்டார், பழையவர் காட்டிக்கொடுத்தார்.

அந்த முற்றத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் ஓர் இரவு, மின்சாரம் இருந்த சிறு இடைவெளியில், அயர்ன்போர்ஜ் வாசலின் பனியில் முன்பின் தெரியாத ஒரு வாள்வீரரோடு டுவல் ஆடிக்கொண்டிருந்தேன். என் பாத்திரம் ஒரு மந்திரவாதி. அவருடைய உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அட்டவணையில் இல்லாத நேரத்தில் மின் நின்றது. மடிக்கணினி மின்கலத்தில் இயங்கிக்கொண்டிருந்தது, ரவுட்டர் அணைந்துவிட்டது. இருட்டில் கைபேசியைத் தேடி, டேட்டாவை இயக்கி, மீண்டும் உள்நுழைய ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் சென்றன. அந்த நேரத்தில் விளையாட்டுக்குள் தன் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மருமகன் பின்னர் சொன்னது இது: “நீங்கள் அசையாமல் நின்றதும் அவன் ஓர் அடி அடித்தான், மாமா. அதற்குப் பிறகு விளங்கிவிட்டது போல. வாளை உறையில் போட்டுவிட்டு உங்களுக்கு முன்னால் பனியிலே இருந்துவிட்டான். நீங்கள் மறைந்த பிறகும் எழும்பவில்லை.” நான் திரும்பி வந்தபோது அவர் அங்கேயே இருந்தார். எழுந்தார், தலைவணங்கினார், மீண்டும் கொடியை ஊன்றினார். ஒரு நிமிடத்துக்குள் என்னைத் தோற்கடித்தார்.

அவர் எந்த நாட்டவர் என்று எனக்குத் தெரியாது. என் ஊரில் மின்சாரம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அசையாமல் நிற்பவனை அடித்து வென்றால் அது வெற்றியாகாது என்பதை மட்டும் அவர் அறிந்திருந்தார். வெல்வதால் எதுவும் கிடைக்காத ஆட்டத்தில்தான் இப்படிப்பட்ட நடத்தை முளைக்கிறது என்று நான் எண்ணுகிறேன். பரிசு இருந்திருந்தால் அவர் வாளை உறையில் போட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

பரிசு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ரூன்ஸ்கேப்பின் டுவல் அரங்கில் இருவரும் பொருளைப் பந்தயமாக வைத்து மோத முடிந்தது. காலப்போக்கில் திறமையைப் பார்க்கும் இடம் என்பது போய், காசு சுழலும் சூதாட்டக் களமாக அது மாறியது. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்பவர்கள் அங்கே நிலைகொண்டார்கள். 2007இன் இறுதியில் அதை நடத்தும் நிறுவனம் காட்டுவெளி மோதலையே நீக்கி, தடையற்ற பண்டமாற்றையும் கட்டுப்படுத்தியது. 2011 பெப்ரவரியில் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். ரூன்ஸ்கேப்பின் பழைய பாணிப் பதிப்பிலோ பந்தய அரங்கு 2022இல் மூடப்பட்டு, பந்தயமில்லாத அரங்கு அதன் இடத்துக்கு வந்தது. ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: டுவலில் பந்தயம் வைக்கும் வசதியை எந்த வடிவத்திலும் சேர்க்காதீர்கள். வென்றவருக்குப் பதக்கமோ தரவரிசைப் பட்டியலோகூட வேண்டாம். எத்தனை தடவைகள் வென்றார் என்ற எண்ணை அவருடைய பெயருக்கு மேலே காட்டவும் வேண்டாம்.

இதுவரை நான் வாள்வீச்சைப் பற்றியே எழுதினேன். ஆனால் உங்களுடையது பாத்திர விளையாட்டு; அங்கே டுவலின் வேலை கைத்திறனைக் காட்டுவதோடு முடிவதில்லை. கதைக்குள் ஒரு பிணக்கு எழுந்தால் அது எங்கேயாவது போய் முடிய வேண்டும். உங்கள் பரீட்சார்த்தப் பதிப்பிலேயே அதற்கான தேவை எழுந்ததை நான் நேரில் கண்டேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

துறைமுகப் படிக்கட்டில் ஓர் ஓடக்காரிக்கும் ஒரு வணிகனுக்கும் தகராறு. அவளுடைய ஓடத்தில் வந்த ஏலக்காய் மூட்டை நனைந்துவிட்டதால் கூலி தரமாட்டேன் என்கிறான் அவன். டுவல் வசதி இல்லாதபடியால் அவர்கள் அரட்டைப் பெட்டியிலேயே மோதினார்கள். அவள் எழுதினாள்: “துடுப்பை உன் முழங்காலை நோக்கி வீசுகிறேன்.” அவன் சற்றுநேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு வந்தது: “ஒரு படி பின்வாங்குகிறேன். ஆனாலும் துடுப்பின் நுனி கால்விரலில் பட்டுவிடுகிறது. நொண்டுகிறேன்.” இப்படியே முறைவைத்து அரைமணி நேரம் சென்றது. படிக்கட்டில் நின்ற எட்டுப் பத்துப் பேரும் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவன் எழுதினான்: “பாசி பிடித்த படியில் கால் வழுக்குகிறது. நீரில் விழுகிறேன்.” விழும்படி அவனை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடத்தில் கதை அப்படித்தான் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்து கூலியைக் கொடுத்தான்.

எழுத்தால் மோதுகின்ற பாத்திர ஆட்டக்காரரிடையே எழுதப்படாத ஒரு விதி உண்டு. என் வாளை நான் வீசலாம். அது உங்கள் தோளில் பட்டதா என்பதை எழுதும் உரிமை உங்களுடையது. “வீசினேன், நீ விழுந்தாய்” என்று ஒருவர் எழுதினால் அவரோடு மறுநாள் எவரும் ஆடமாட்டார்கள். மற்றவருடைய உடல் மற்றவருக்கே உரியது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் ஒரு விளையாட்டை நான் அறியேன். இணக்கம் காண முடியாதபோது சிலர் பகடையை நாடுவதும் உண்டு; வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்டில் ஒரு கட்டளை எழுதினால் 1 முதல் 100 வரை ஓர் எண் எல்லோருக்கும் தெரியும்படி விழும். உங்கள் விளையாட்டில் டுவல் வருமாயின், வாள்வழி, எழுத்துவழி, பகடைவழி என்ற மூன்றில் எது என்பதை அழைப்பின்போதே இருவரும் தெரிவுசெய்ய வழிவையுங்கள். கைவேகம் குறைந்த என் போன்றோருக்கும், கைபேசியில் மட்டுமே விளையாடும் பிள்ளைகளுக்கும் எழுத்துவழி பெரிய துணையாக இருக்கும். அந்த ஓடக்காரியாக ஆடிய மூதூர்ப் பிள்ளையிடம் கணினி இல்லை என்பது பின்னரே எனக்குத் தெரியவந்தது.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் சேவர் சிங்கப்பூரில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. ரொரன்ரோவிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டிலேயே சுமார் 15,000 கிலோமீற்றர். போய்வர 150 மில்லிவிநாடிக்குக் குறையாது, கேபிள் வளைந்து செல்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். இங்கிருந்து ஆடுபவருக்கோ அதில் சிறு பகுதியே ஆகும். அரக்கரைக் கொல்லும்போது எவரும் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள், ஆனால் இருவர் மோதும்போது இதுவே வெற்றி தோல்வியைத் தீர்த்துவிடும். அழைப்புப் பெட்டியில் இருவருடைய பிங் எண்ணையும், அதாவது தகவல் போய்வர எடுக்கும் நேரத்தையும், காட்டிவிட்டால் தெரிந்தே சம்மதிப்பார்கள், பின்னர் லேக் (இணைப்புத் தாமதம்) என்று சண்டைபிடிக்கவும் மாட்டார்கள்.

உங்கள் குழுவிலுள்ள தங்கையர் எழுப்பக்கூடிய ஓர் ஐயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அழைப்பு விடுக்கும் வசதி இருந்தால் அதையே தொல்லைக்குப் பயன்படுத்துவார்கள். ஒரு பெண் பாத்திரத்தைக் கண்டதும் பின்னாலேயே வந்து மீண்டும் மீண்டும் அழைப்பு அனுப்பிப் பாதையை மறைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். மறுத்தால் கோழை என்று ஏசுவதையும் பார்த்திருக்கிறேன். சம்மதம் என்பது மறுக்கும் உரிமையோடு சேர்ந்தே சம்மதமாகும் என்பதால் மறுப்பதை மிக எளிதாக்குங்கள். ஒருமுறை மறுக்கப்பட்டவர் அன்று முழுவதும் அதே ஆளை மீண்டும் அழைக்க முடியாதபடி செய்யுங்கள். எவரிடமிருந்தும் அழைப்பு வேண்டாம் என்று நிரந்தரமாக அணைத்துவைக்கவும் இடம் கொடுங்கள். கணக்குத் தொடங்கும்போது அது அணைந்த நிலையிலேயே இருக்கட்டும், விரும்புபவர் திறந்துகொள்ளட்டும். மறுத்த செய்தி மறுத்தவருக்கும் கேட்டவருக்கும் தவிர வேறு எவருக்கும் தெரியக்கூடாது.

இடத்தையும் நீங்கள் குறிக்கலாம். ஃபைனல் ஃபன்ரசி 14 என்ற இணைய விளையாட்டில் டுவல் ஆடுவதற்கு வுல்வ்ஸ் டென் என்ற கடலோரத் துறை ஒன்று மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதும் அமைதியாக இருக்க, ஆட விரும்புவோர் அங்கே போகிறார்கள். உங்கள் வரைபடத்தில் கோட்டை மதிலுக்குக் கீழே, மான்கள் மேய்கின்ற திட்டைத் தாண்டி ஒரு சிறு மணற்பரப்பு இருக்கிறது. இப்போது அங்கே எந்தப் பணியும் இல்லை, எவரும் போவதுமில்லை. டச்பே கடற்கரையைப் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். பார்ப்பவர்கள் மதில்மேல் வரிசையாக இருக்கலாம். அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

பெயரைப் பற்றி யோசித்தேன். சமர் என்ற சொல் அழகானதுதான், ஆனால் இந்த ஊரில் அது வேறு நினைவுகளைக் கிளறும். உங்கள் அறிவித்தலில் இருந்த தயக்கத்துக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணமோ என்று எண்ணுகிறேன். அழைப்புப் பெட்டியில் பெயர்ச்சொல்லே வேண்டாம். “மோதிப் பார்ப்போமா?” என்று இருக்கட்டும். கீழே இரண்டு பொத்தான்கள்: “சரி”, “இப்போது வேண்டாம்”. மறுக்கிறேன் என்பதைவிட இப்போது வேண்டாம் என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இலகுவானது.

இன்னொன்று, இது உங்கள் வேலையைக் குறைப்பதற்காகச் சொல்வது. டுவல் வந்ததும் ஓடக்காரரைவிட மந்திரவாதி வலியவர், வைத்தியர் எவரையும் வெல்ல முடியவில்லை என்று முறைப்பாடுகள் குவியும். அதற்காகத் தொழில்களைச் சமன்செய்யப் புறப்படாதீர்கள். வைத்தியர் வெல்வதற்காக உருவாக்கப்பட்ட பாத்திரமல்லர். எல்லோரும் எல்லோரையும் சரிக்குச் சரியாக வெல்லும்படி செய்ய முயன்றால் எல்லாத் தொழில்களும் ஒரே தொழிலாகிவிடும்.

நான் கேட்பது நிரந்தரமான மாற்றத்தையல்ல. அந்த ஒரு மணற்பரப்பில், பரிசும் பந்தயமும் இல்லாமல், அழைப்பை விரும்பித் திறந்துகொண்டவர்களுக்கு மட்டும், ஒரேயொரு மாதத்துக்கு இதை வைத்துப் பாருங்கள். அந்த மாதத்தில் வந்த முறைப்பாடுகளையும், அங்கே எவர் எவரோடு கதைத்தார்கள் என்பதையும் நீங்களே பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சோதனைக்கு ஆட்கள் தேவையானால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் பெற்றோரின் சம்மதத்தோடு வரத் தயாராக இருக்கிறார்கள். ரொரன்ரோவில் இருக்கும் மருமகன் அதிகக் கூடிய பிங்கோடு வந்து தோற்பதற்கு இப்போதே சம்மதம் தெரிவித்துவிட்டார். சனிக்கிழமைகளில் மாலை ஏழு மணிக்குப் பிறகு எனக்கு வகுப்பு இல்லை. என் பாத்திரம் அந்த மதிலடியில் நிற்கும். நீங்கள் எப்போது சொன்னாலும் தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் பரீட்சார்த்தப் பதிப்பின் ஆட்டக்காரர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.